பேரேடும் சுவடியும்: சேட் கஸ்தூர்பாய் லால்பாய் வாழ்க்கை வரலாறு

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில், முதற் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலின் பொருட்டே பலரும் எடுத்துப் பேசுவர். கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவற்றில், ஓலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர் யாவர் என்று கூறும் பகுதியும் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவன் மீண்டும் வாரியம் ஏறலாகாது. அவனுடைய நெருங்கிய உறவினரும் ஏறலாகாது என்பது அவ்வூர்ச் சபையின் தீர்மானம். பொதுப்பொருளைக் கையாள்பவனுக்கு முதல் தகுதி கணக்கே என்று அச்சபையார் கண்டனர்.

அக்கல்வெட்டு வெட்டப்பட்டு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து, நெடுந்தொலைவில் உள்ள அகமதாபாத் நகரில் ஜைன வணிகர் ஒருவர் அந்த ஒழுங்கையே தம் வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்தார். ஆலைகள் பல நிறுவிய செல்வர் என்றே வெளியுலகம் அவரை அறியும். திகம்பர மரபினராகிய தமிழ்ச் சமணருக்குச் சுவேதாம்பர மரபினராகிய அவர் சற்றுத் தொலைவானவரே. ஆயினும் சத்ருஞ்சயம், இராணக்பூர், அபு மலை என்று யாத்திரை சென்று வந்த குடும்பத்தார் எவரும், தாம் அறியாமலே அவருடைய கைவண்ணத்தைக் கண்டு திரும்பியவர்களே. அவர் சேட் கஸ்தூர்பாய் லால்பாய்.

குலமும் ஆவணங்களும்

குஜராத்தில் பெயருக்குப் பின் வரும் பாய் என்பது அண்ணன் என்னும் மதிப்புச் சொல். அதனை அடுத்து வருவது தந்தை பெயர். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டுக்கொள்வது போல அவர்கள் முழுப்பெயரையும் பின்னே இட்டுக்கொள்வர். லால்பாய் தல்பத்பாயின் மகனாகக் கஸ்தூர்பாய் 1894-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள் பிறந்தார். தாயார் மோகினிபென்.

அக்குலத்தின் மூதாதை பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சாந்திதாஸ் ஜவேரி. முகலாய அரசவைக்கு மணிகள் விற்ற வணிகர் அவர். அகமதாபாத்தின் புறநகரில் சிந்தாமணி பார்சுவநாதருக்கு ஒரு பெரும் ஜினாலயம் எடுப்பித்தார். 1645-ஆம் ஆண்டு குஜராத்தின் ஆளுநராக வந்த இளவரசர் ஔரங்கசீப் அதனைப் பள்ளிவாசலாக மாற்றினார். சாந்திதாஸ் பேரரசர் ஷாஜகானிடம் முறையிட்டார். கட்டடத்தைத் திருப்பித் தருமாறு 1648-ஆம் ஆண்டில் ஆணை பிறந்தது. அதன்பின் அங்கே வழிபாடு பழையபடி தழைக்கவில்லை. ஆலயம் போயிற்று; ஆணை ஓலை மட்டும் குடும்பத்தில் நின்றது.

இன்னொரு நிகழ்ச்சியும் அக்குடும்பத்தின் இயல்பைக் காட்டும். 1658-ஆம் ஆண்டு அரியணைப் போரில் இறங்கிய இளவரசர் முராத், படைச்செலவுக்காக இக்குடும்பத்தாரிடமும் அவர்தம் கூட்டாளிகளிடமும் ஐந்தரை லட்சம் ரூபாய் வாங்கினார். சில திங்களில் முராத் சிறைப்பட்டார். கடன் வாங்கியவரே சிறையில் கிடக்கையில் பணம் எங்கே மீளும்? சாந்திதாஸ் கடன் பத்திரத்துடன் ஔரங்கசீப்பிடமே சென்றார். ஒரு லட்சம் ரூபாய் திருப்பித் தர ஆணை பெற்றார். தம் ஆலயத்தைக் கெடுத்தவரிடமே தாளை நீட்டிக் காரியம் முடித்துக்கொண்ட அந்தப் பொறுமையை வணிகப் புத்தி என்று மட்டும் சொல்லி அமைதல் தகாது. 1660-ஆம் ஆண்டில் அதே பேரரசரிடமிருந்து சத்ருஞ்சய மலையின் மீதுள்ள உரிமையை உறுதி செய்யும் பட்டயமும் அவருக்குக் கிடைத்தது.

அடுத்த தலைமுறைகளில், 1725-ஆம் ஆண்டு, மராட்டியப் படை அகமதாபாத்தைச் சூறையாட வந்தபோது, அக்குலத்தைச் சேர்ந்த குசால்சந்த் தம் கைப்பொருளை ஈட்டுத்தொகையாகக் கொடுத்து நகரைக் காத்தார். நன்றி மறவாத நகர வணிகர், நகருக்குள் வரும் சரக்கின் மதிப்பில் நூற்றுக்கு நாலணா வீதம் அக்குடும்பத்துக்குக் கொடுப்பதென எழுத்து எழுதிக் கையொப்பமிட்டனர். கையொப்பமிட்டோருள் இந்துக்களும் ஜைனரும் முகம்மதியரும் இருந்தனர். இப்படி ஒவ்வொரு தலைமுறையும் நகையைப் போலவே தாளையும் பெட்டியில் வைத்துப் பூட்டியது. இவ்வாவணங்கள் பிற்காலத்தில் வரலாற்றறிஞர் எம். எஸ். கமிசாரியத் என்பவரால் ஆராயப்பட்டு அச்சேறின. குஜராத்தின் முகலாய காலத்தை எழுதுவோர் இன்றும் அவற்றைப் பார்க்காமல் எழுத இயலாது.

பதினேழு வயதில் ஆலை

1911-ஆம் ஆண்டு லால்பாய்க்கும் அவர்தம் சகோதரருக்கும் பாகப்பிரிவினை நிகழ்ந்தது. பழைய ஆலை சகோதரர்பால் சென்றது. ராய்ப்பூர் ஆலை லால்பாய் பங்குக்கு வந்தது. இந்த ராய்ப்பூர் மத்திய இந்தியாவின் நகரமன்று; அகமதாபாத்தின் ஒரு பகுதி. பிரிவினையின் மனவருத்தம் ஆறுமுன்னரே, 1912-இல், லால்பாய் திடீரென மாரடைப்பால் காலமானார். அப்போது கஸ்தூர்பாய் மெட்ரிகுலேசன் தேறிக் குஜராத் கல்லூரியில் முதலாண்டு பயின்றுகொண்டிருந்தார். வயது பதினேழு. தாயாரின் சொற்படி கல்லூரியை விட்டு ஆலைக்குச் சென்றார்.

ஆலைத் தொழிலில் இலாபமும் நட்டமும் நூலில் தொடங்குவதில்லை, பஞ்சில் தொடங்குகின்றன என்பதை இளைஞர் விரைவில் கண்டுகொண்டார். தரகர் சொன்ன விலைக்கு வாங்கும் வழக்கத்தை விட்டு, பருத்தி விளையும் ஊர்களுக்குத் தாமே சென்று, பஞ்சைக் கையில் பிரித்துப் பார்த்து வாங்கலானார். முதல் உலகப் போரில் சீமைத் துணி வரத்துக் குறைந்தது, ஆலை செழித்தது. பின்னர் அசோகா, அருணா, நூதன் என ஆலைகள் பெருகின. 1931-ஆம் ஆண்டு, உலகெங்கும் பொருளாதாரம் சரிந்து ஆலைகள் மூடப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய் மூலதனத்தில் அரவிந்த் ஆலையைத் தொடங்கினார். மெல்லிய உயர்வகைத் துணி இந்நாட்டிலேயே நெய்யப்பட்டாலன்றிச் சுதேசி நிலைக்காது என்பது அவர் கணிப்பு. விடுதலை ஆண்டான 1947-இல் சாயப்பொருள் செய்வதற்காக அதுல் நிறுவனம் தோன்றியது.

அக்காலத்து முறைப்படி இவ்வாலைகள் அனைத்தையும் குடும்பத்தின் மானேஜிங் ஏஜென்சி நிறுவனங்கள் நடத்தின. ஆலையின் பங்குதாரர் ஆயிரவர். ஆயினும் நிர்வாகம் குடும்பத்தின் கூட்டு நிறுவனத்தின் கையில். அந்நிறுவனத்துக்கு வரும் ஊதியமும் பங்குவீதமும் குடும்பத்துக்கும், குடும்பம் வைத்த அறநிலைகளுக்கும் பிரியும். இந்த ஏற்பாட்டைத் தவறாகப் பயன்படுத்திப் பங்குதாரரை ஏய்த்தவர் நாட்டில் பலர்; 1970-இல் அரசு அம்முறையையே ஒழித்ததற்கு அதுவும் ஒரு காரணம். கஸ்தூர்பாயின் ஆலைகள் அப்பழிக்கு ஆளாகாமல் நின்றமைக்கு அவருடைய கணக்கு நெறியே காரணம். ஆலைப் பணம் வேறு, குடும்பப் பணம் வேறு, தருமப் பணம் வேறு; மூன்றுக்கும் மூன்று பேரேடு. ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்பலாகாது.

அவர் பொதுவாழ்வை விரித்தால் தனி நூலாகும். 1920-களில் நடுவண் சட்டமன்றத்தில் ஆலை முதலாளிகளின் சார்பாளராக அமர்ந்து, இந்திய ஆலைத் துணி மீதிருந்த மூன்றரை விழுக்காட்டுத் தீர்வையை நீக்குவதற்கு வாதாடினார். 1926-இல் அது நீங்கியது. ரிசர்வ் வங்கியின் இயக்குநர் குழுவில் பல்லாண்டு இருந்தார். காந்தியடிகளிடம் மதிப்புடையவர்; ஆனால் 1936-இல் தொழிலாளர் கூலிக் குறைப்பு வழக்கில் அடிகள் தொழிலாளர் பக்கமும் இவர் முதலாளிகள் பக்கமும் நடுவராக அமர்ந்து ஒத்துப்போகாமல் பிரிந்தனர். நட்பு கெடவில்லை. அகமதாபாத் கல்விச் சங்கம், நெசவு ஆராய்ச்சி நிலையமாகிய அதிரா, விக்ரம் சாராபாயுடன் சேர்ந்து கொணர்ந்த மேலாண்மைக் கழகம் ஆகியவற்றின் பின்னே அவர் உழைப்பு உண்டு. இவற்றுள் எதற்கும் அவர் பெயர் இல்லை.

ஆனந்தமும் கல்யாணமும்

சத்ருஞ்சயம் முதலான தலங்களை நிர்வகிக்கும் அறநிலையத்தின் பெயர் ஆனந்த்ஜி கல்யாண்ஜி பேடி. பேடி என்பது வணிக நிலையத்தைக் குறிக்கும் குஜராத்திச் சொல். ஆனந்த்ஜி என்றொருவரும் கல்யாண்ஜி என்றொருவரும் இருந்ததாக எண்ணுவோர் உளர். அப்படி எவரும் இலர். ஆனந்தம், கல்யாணம் என்னும் இரு நற்சொற்களையே முதலாளிகளாக வைத்துக் கணக்கெழுதினர் முன்னோர். தனிமனிதன் பெயரில் தருமச் சொத்து நிற்கலாகாது என்ற எச்சரிக்கையே அது. 1880-இல் அதற்கு எழுதப்பட்ட விதிமுறை ஏற்பட்டது. கஸ்தூர்பாய் தம் முப்பதாம் வயதை ஒட்டி அதன் தலைவராகி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார்.

பொறுப்பேற்ற உடனே சோதனை வந்தது. சத்ருஞ்சய மலை பாலிதானா சமஸ்தானத்தின் எல்லைக்குள் இருந்தது. யாத்திரிகரிடம் வரி தண்டும் உரிமை தமக்கு உண்டென்பது அவ்வூர் மன்னரின் வாதம். 1886-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஆண்டுக்கு 15,000 ரூபாய் மொத்தமாகச் செலுத்தப்பட்டு வந்தது. நாற்பதாண்டுக் கெடு 1926-இல் முடிந்ததும் மன்னர் தலைவரி தண்ட முற்பட்டார்.

ஜைன சமுதாயம் எடுத்த முடிவு கடினமானது. வரி கொடுத்து மலையேறுவதில்லை. வழக்குத் தீரும் வரை யாத்திரையையே நிறுத்துவது என்று தீர்மானித்தனர். ஆதிநாதரைத் தரிசிக்காமல் கண் மூடலாகாது என்று வாழும் முதியோர் எத்தனை பேர் அச்சமயம் இருந்திருப்பர்! கார்த்திகைப் பௌர்ணமியிலும் சித்திரைப் பௌர்ணமியிலும் இலட்சம் பேர் ஏறும் படிகள் ஈராண்டு வெறிச்சோடிக் கிடந்தன. அடிதடியில்லை, கூக்குரலில்லை, எவரும் போகவில்லை, அவ்வளவே. தரிசனத்தைத் துறப்பதே போராட்டமாயிற்று. ஜைனர் நடத்திய அறப்போர்களுள் இது பலரும் அறியாதது.

ஒருபுறம் மலை வெறிச்சோட, மறுபுறம் பெட்டிகள் திறக்கப்பட்டன. முகலாயர் காலந்தொட்டு மலையின் உரிமை யாரிடம் இருந்தது என்பதற்கு மூதாதையர் பூட்டி வைத்த பட்டயங்களே சான்று. முந்நூறு ஆண்டுப் பழமையுடைய தாள்கள் பிரிட்டிஷ் அதிகாரிகளின் முன் விரிக்கப்பட்டன. 1928-இல் சிம்லாவில் வைசிராய் இர்வின் பிரபுவின் முன்னிலையில் உடன்பாடு ஏற்பட்டது. ஆண்டுக்கு 60,000 ரூபாய், 35 ஆண்டுகளுக்கு; தலைவரி இல்லை. தொகை முன்னைவிட நான்கு மடங்கு என்பதால் இதனை முழுவெற்றி என்று சொல்வதற்கில்லை. ஆனால் யாத்திரிகன் ஒவ்வொருவனையும் நிறுத்திக் கைநீட்டும் இழிவு நீங்கியது. கையில் ஆவணம் இல்லாதிருந்தால் இதுவும் கிடைத்திராது.

கல்லைக் காத்த வகை

ஆலயத் திருப்பணியில் கஸ்தூர்பாய் காட்டிய நுட்பம் தனித்து நோக்கத்தக்கது. அக்காலத்தில் திருப்பணி என்றால் பழைய சிற்பத்தின் மேல் சுண்ணாம்பு பூசுவதும், உடைந்த பகுதியில் பளபளப்பான ஓடு பதிப்பதும், வண்ணம் அடிப்பதுமே. நம் ஊர்ப்பக்கத்து ஜினாலயங்களும் இந்த அன்புக்குத் தப்பவில்லை. கஸ்தூர்பாய் இதனை அறவே வெறுத்தார். இராணக்பூரில் பதினைந்தாம் நூற்றாண்டுத் தூண் காடு அழுக்கேறி, விரிசல் கண்டு, பறவைகள் குடியிருக்கும் நிலையில் இருந்தது. பத்தாண்டுக்கும் மேலாகச் சோம்புரா மரபின் சிற்பிகளைக் கொண்டு அதனைப் பழைய நிலைக்கே மீட்டார். புதிதாக ஒன்றும் சேர்க்கலாகாது. பழையதில் ஒன்றும் மறையலாகாது.

அபு மலையின் தில்வாரா ஆலயங்கள் பதினோராம் நூற்றாண்டிலும் பதின்மூன்றாம் நூற்றாண்டிலும் எழுந்தவை. அங்கே உடைந்த சலவைக்கல் சிற்பங்களுக்கு மாற்று வைக்க, முதலில் எடுத்த அதே தாந்தா மலைக் கல்லே வேண்டும் என்று நின்றார். கல் கிடைத்தது, செதுக்கும் செலவோ கணித்ததைப் போல் இரு மடங்குக்கும் மேலாயிற்று. ஆலைக் கணக்கில் ஒரு ரூபாய் மிகுந்தாலும் விளக்கம் கேட்பவர், இங்கே ஒன்றும் சொல்லாமல் கையொப்பமிட்டார். புதுக்கல் எது, பழங்கல் எது என்று அவருக்கே தெரியவில்லை. அதுவே அவர் கேட்ட விளக்கம்.

சத்ருஞ்சயத்தில் அவர் செய்தது எல்லாருக்கும் உவப்பாயில்லை. தலைமுறை தலைமுறையாகப் பக்தர்கள் பிரதிட்டை செய்த சிறு சன்னிதிகளும் படிமங்களும் ஆதிநாதர் ஆலயத்தின் சுவரை ஒட்டி நெருங்கி, மூல ஆலயத்தின் சிற்பத்தையே மறைத்து நின்றன. அவற்றை எடுத்து, தனியே ஓர் ஆலயத் தொகுதி அமைத்து அங்கே எழுந்தருளச் செய்வதென்று பேடி முடிவு செய்தது. தன் பாட்டன் பிரதிட்டை செய்த படிமத்தை இடம்பெயர்க்க எவன் மனம் ஒப்பும்? கண்டனங்கள் எழுந்தன. கஸ்தூர்பாய் துறவிகளிடம் சென்று இசைவு பெற்றார், எதிர்த்தோரிடம் பொறுமையாக விளக்கினார், ஆனால் பின்வாங்கவில்லை. புதிய தொகுதியின் பிரதிட்டை 1976-இல் நிகழ்ந்தது. பக்தியின் பொருட்டு வைத்ததைக் கலையின் பொருட்டு நகர்த்தலாமா என்னும் வினாவுக்கு இருபுறமும் நியாயம் உண்டு. மறைந்திருந்த மண்டோவரச் சிற்பங்கள் வெளிப்பட்டதைக் கண்டவர்கள் மட்டும் அவர் பக்கம் சாய்வர்.

சுவடிச் சாலையும் கலைக்கூடமும்

முனிவர் புண்ணியவிஜயர் சுவேதாம்பரத் துறவிகளுள் பேரறிஞர். பாடணம், கம்பாத்து, ஜெய்சல்மேர் முதலிய ஊர்களின் ஞான பண்டாரங்களில் அடைபட்டிருந்த சுவடிகளைத் திறந்து, பிரித்து, பட்டியலிட்டு வாழ்ந்தவர். வண்டி ஏறாத விரதத்தினராதலின் பாலை நிலத்து ஜெய்சல்மேருக்கு நடந்தே சென்று, ஓராண்டுக்கும் மேலாக அங்கே தங்கிச் சுவடிகளை ஒழுங்கு செய்தார். அவரிடம் ஏறத்தாழ 10,000 சுவடிகள் சேர்ந்திருந்தன. துறவிக்கு உடைமை ஏது? அவற்றை ஓர் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். ஆய்வாளர் எவரும் வந்து படிக்க வேண்டும். பூட்டிய பெட்டிக்குள் மீண்டும் போகலாகாது. இந்த விருப்பத்தைக் கஸ்தூர்பாய் ஏற்றார். 1950-களின் நடுவில் லால்பாய் தல்பத்பாய் பாரதிய வித்யா மந்திர் தோன்றியது. எல். டி. இந்தியவியல் கழகம் என்று உலகம் அறிவது இதுவே. குடும்பத்தின் நிலமும் பொருளும் அதற்குச் சென்றன, பெயர் தந்தையுடையதாயிற்று. அறிஞர் தல்சுக் மால்வணியா அதன் முதல் இயக்குநராக அமர்ந்தார்.

கட்டடம் அமைக்கும் பணி இளைஞராகிய பாலகிருஷ்ண தோஷியிடம் தரப்பட்டது. பிரெஞ்சு நாட்டுக் கட்டடக்கலை மேதை கொர்பூசியேயிடம் பணியாற்றி வந்தவர் அவர். சுவடிக்கு வேண்டுவன மூன்று: வெயில் படாத நிழல், ஏறி இறங்காத வெப்பம், ஈரமற்ற காற்று. தோஷி துறவிகள் தங்கும் பழைய உபாசிரயங்களைப் பார்த்து, தரைக்கு மேல் அகன்ற தாழ்வாரமும் தரைக்குக் கீழ்ச் சுவடி அறையும் அமைத்தார். 1963-இல் பிரதமர் ஜவகர்லால் நேரு அதனைத் திறந்து வைத்தார். சுவடிகளின் தொகை வளர்ந்து இன்று 75,000 அளவில் நிற்கிறது.

குஜராத்துச் சுவடிக்கும் தமிழ்ச் சுவடிக்கும் ஒரு வேற்றுமை உண்டு. நாம் எழுத்தாணியால் ஓலையைக் கீறி மை தடவுவோம்; அவர்கள் ஓலையின் மேல் மையால் எழுதினர், பதினான்காம் நூற்றாண்டுக்குப் பின் காகிதத்துக்கு மாறினர். மையால் எழுதப்பட்டமையால் வண்ண ஓவியமும் இடம் பெற்றது. கல்பசூத்திரம் முதலியவற்றின் ஏடுகளில் தீர்த்தங்கரர் வாழ்க்கை சிவப்பு, நீலம், பொன் நிறங்களில் மிளிர்கிறது. நமக்கோ ஓவியம் சுவடியில் அன்று, விதானத்தில். திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் ஆலயத்தில், இருகப்பர் 1387-இல் எடுத்த சங்கீத மண்டபத்தின் மேற்கூரையில், விருஷபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் வரலாறுகளைக் காணலாம். ஓலையோ நம் இல்லங்களின் பரணில் இருந்தது. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முயன்ற உ. வே. சாமிநாதையருக்குப் பொருள் விளங்காது தடைப்பட்ட இடங்களைக் கும்பகோணத்துச் சந்திரநாத செட்டியார் முதலிய சைன அன்பர் விளக்கியிராவிடின், 1887-இல் அந்நூல் அவ்வாறு வெளிவந்திராது. சுருத பஞ்சமி தோறும் மஞ்சள் துணி மாற்றிப் பூசித்துவிட்டு, அவிழ்த்துப் பாராமலே மீண்டும் பரணேற்றிய ஓலைகள் எத்தனை செல்லுக்கு இரையாயின என்பதற்குக் கணக்கு வைத்தவர் எவருமிலர்.

கலைப்பொருள்களின்பால் கஸ்தூர்பாய்க்கு இருந்த ஈடுபாடு வேறொரு வழியிலும் வெளிப்பட்டது. கல்கத்தா ஜொராசங்கோவில் ஓவியர் அபனீந்திரநாத் தாகூரும் அவர்தம் சகோதரரும் சேர்த்து வைத்த முகலாய, ராஜபுதன, பஹாரி ஓவியங்களும் செப்புப் படிமங்களும் பெருந்தொகுதி. குடும்பம் தளர்ந்து, 1940-களின் தொடக்கத்தில் அது விலைக்கு வந்தது. துண்டு துண்டாக விற்றிருந்தால் பெரும்பகுதி கடல் கடந்திருக்கும். கஸ்தூர்பாய் தொகுதியைச் சிதறவிடாமல் வாங்கி அகமதாபாத்துக்குக் கொணர்ந்தார். அதே நகரில் அதே தசாப்தத்தின் முடிவில், 1949-இல், சாராபாய் குடும்பத்தார் காலிகோ துணி அருங்காட்சியகத்தை நிறுவினர். துணிக்கென்று ஒரு நிலையம் வேண்டுமென்று அவர்களிடம் எடுத்துரைத்தவர், ஈழத் தமிழ்க் குலத்தில் தோன்றிய கலைமேதை ஆனந்த குமாரசாமி என்பது நாம் மகிழத்தக்க செய்தி. ஆலை நகரமாகிய அகமதாபாத்தில் ஜைனக் குடும்பங்கள் இரண்டு, நூலில் ஈட்டியதை இவ்வாறு கலையில் வைத்தன.

எல். டி. வளாகத்தில் சிற்பங்களும் ஓவியங்களும் இடம் போதாமல் பெருகவே, தோஷியைக் கொண்டே தனி அருங்காட்சியகக் கட்டடம் எழுப்பப்பட்டது. அது திறக்கப்பட்டபோது கஸ்தூர்பாய் இல்லை. குடும்பத்தார் வாழ்ந்த சாகிபாக் இல்லமும், ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் கிளாட் பாட்லி அமைத்த பகுதியும் சேர்ந்து 2017-இல் கஸ்தூர்பாய் லால்பாய் அருங்காட்சியகம் ஆயின. வாழ்நாளில் எதற்கும் தம் பெயர் வைக்காதவருக்கு, மறைந்து முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் பெயர் வந்தது.

இறுதிக் காலம்

1969-இல் இந்திய அரசு பத்ம பூஷண் விருது அளித்தது. மேலாண்மைக் கழகப் பேராசிரியர் துவிஜேந்திர திரிபாடி குடும்பத்தின் தொழில் வரலாற்றை ஆராய முன்வந்தபோது, ஆவணங்களைக் காட்டத் தடையிருக்கவில்லை. இலாபம் மட்டுமன்றித் தவறிய முயற்சிகளும் அப்பேரேடுகளில் இருந்தன. அந்நூல் 1981-இல், கஸ்தூர்பாய் மறைந்த மறு ஆண்டில் வெளிவந்தது. இந்தியத் தொழிலதிபர் ஒருவரின் வாழ்க்கை புகழ்மாலையாகாமல் ஆவணச் சான்றோடு எழுதப்பட்டது அக்காலத்தில் அரிதே.

கஸ்தூர்பாய்க்குப் புதல்வர் இருவர். மூத்தவருக்கு மகாவீரரின் தந்தையார் பெயராகிய சித்தார்த்தர் என்றும், இளையவருக்குச் சமவசரணத்தில் வினாத் தொடுத்த மகத மன்னன் பெயராகிய சிரேணிகர் என்றும் பெயரிட்டிருந்தார். ஆலைகளின் பொறுப்பைப் புதல்வரிடமும் சகோதரர் மக்களிடமும் பிரித்துக் கொடுத்தார். பேடியின் தலைமையை வாழ்நாள் முடியுமுன்னே துறந்தார். அப்பொறுப்பு சிரேணிகரிடம் சென்றது. ஒப்படைக்கும்போது கணக்குகள் முழுதும் முடிக்கப்பட்டிருந்தன.

தீபாவளி நாளில் குஜராத்து ஜைன வணிகர் பழைய பேரேட்டை மூடிச் சிவப்புத் துணி உறையிட்ட புதுப்பேரேட்டுக்குப் பூசனை செய்வர். மகாவீரர் வீடுபேறடைந்த நாளும் அதுவே. மறுநாள் கௌதம கணதரர் கேவலஞானம் எய்திய நாள். கஸ்தூர்பாய் 1979-ஆம் ஆண்டின் தீபாவளிக்குப் புதுக்கணக்குக் கண்டார். அடுத்த தை மாதத்தில், 1980 ஜனவரி 20-ஆம் நாள், அகமதாபாத்தில் தம் எண்பத்தாறாம் வயதில் உயிர் நீத்தார்.

பெருஞ்செல்வர் மறைந்தால் ஆலைகளை மூடித் துக்கம் காப்பது நகர வழக்கம். தம் பொருட்டு எந்த ஆலையும் நிறுத்தப்படலாகாது என்று அவர் முன்னமே சொல்லி வைத்திருந்தார். அவர் உடல் எரியூட்டப்பட்ட அன்றும் அவருடைய ஆலைகளில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தொழிலாளர்க்கு அன்றைய கூலியும் ஏட்டில் பற்று எழுதப்பட்டது.